கோழி வராத புத்தகம்

எண் ஒட்டிய எந்தப் பொருளும் இந்த உலகத்தில் தொலையாது.

மலையூரான லாஸ் குவாமாஸில் நூலகம் திறந்த அன்று, யமிலே மேடையில் நின்று இப்படித்தான் அறிவித்தாள். நூலகவியல் படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள். மேயர்கூடக் கைதட்டினார்.

பத்தாம் நாள் அவளுடைய பட்டம் தொலைந்தது.

நீல அட்டைக்குள் இருந்த பட்டச் சான்றிதழ். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை மேயரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை மேயரின் மைத்துனருக்கு. அவர் ஒருமுறை வந்து, நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நயிபே வந்தாள். பத்து வயது. தினமும் வருகிறவள். யமிலேயின் தலை அலமாரிக்கு அடியில் இருந்தது.

"என்னக்கா தேடுறீங்க?"

"என் பட்டத்த. அறுநூறு புத்தகத்தையும் பாத்துட்டேன்."

"அதுக்கும் எண் ஒட்டினீங்களா?"

யமிலே யோசித்தாள். "கையில கெடச்சதுக்கெல்லாம் ஒட்டினேன். சாப்பாட்டு டப்பாவுலகூட ஒண்ணு இருக்கு."

"அப்ப யாருக்காவது இரவல் குடுத்திருப்பீங்க."

"பட்டத்தையா?"

"எண்ண மட்டுந்தானே பாத்துக் குடுக்குறீங்க. நான் என்ன படிக்கிறேன்னுகூட உங்களுக்குத் தெரியாது."

அது உண்மை. யமிலே பதிவேட்டில் எண்ணை மட்டுமே எழுதுவாள். அதுதான் நவீன முறை என்று அவள் நினைப்பு.

"நீல அட்டை..." என்று இழுத்தாள் நயிபே. "உபால்டோ ஐயா பஸ் ஸ்டாப்புல படிச்சிட்டிருந்தாரு. ரொம்ப நேரமா ஒரே பக்கத்த."

இருவரும் ஓடினார்கள். காபித் தோட்டக்காரர் உபால்டோ தன் வீட்டு முற்றத்தில் கோழிகளுக்கு நடுவே, நீல அட்டையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. கோழி வளக்குற புத்தகந்தானே கேட்டேன்? மூணு தடவ படிச்சுட்டேன், கோழி வரவே இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒரு பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சுப் பட்டம் வாங்கிடுது. முடிவு நல்லா இருக்கு."

யமிலே பட்டத்தின் மூலையில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு இவங்கதான்" என்றாள் நயிபே.

உபால்டோ எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, யமிலேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறு முட்டையும் கொடுத்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேயர் பட்டத்தைப் பார்த்து, வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மைத்துனர் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் யமிலே சீஸ் வைத்த சோள ரொட்டியான அரேபாவும் சூடான சாக்லேட்டும் கொண்டுவந்து நயிபே முன்னால் வைத்தாள்.

"நீ இல்லேன்னா நான் இந்நேரம் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். ரொம்ப நன்றி, நயிபே."

"அதெல்லாம் இருக்கட்டும். நான் இப்ப என்ன புத்தகம் படிக்கிறேன்?"

யமிலே பதிவேட்டைத் திறக்கவில்லை. "வௌவாலப் பத்தின புத்தகம். அறுபதாம் பக்கத்துல இருக்க."

நயிபே அரேபாவைப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

பட்டம் இப்போது நூலகச் சுவரில் தொங்குகிறது. அதன் மூலையில் ஒட்டிய எண்ணை மட்டும் உரிக்க முடியவில்லை. அது கோழி வளர்ப்புப் புத்தகத்துக்கான எண்.