பேயைக் குறைக்கும் நாப்

எங்கள் வீட்டு முன்னறை முழுக்க டி.வி. பெட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அப்பா டி.வி. மெக்கானிக். அந்த அறைதான் அவருடைய கடை.

பழுதாகி வரும் பெட்டியின் தலையில் அப்பா சாக்பீஸால் எழுதிவைப்பார். படம் வந்து சத்தம் வராவிட்டால் 'ஊமை'. சத்தம் வந்து படம் வராவிட்டால் 'இருட்டு'. எதுவுமே வராவிட்டால் 'கும்பகர்ணன்'. பெட்டி சரியானதும் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான் எழுத்துக்கூட்டிப் படித்த சொற்கள் இவைதான்.

என் தம்பிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் குண்டூசி. ஆள் அவ்வளவு ஒல்லி. பள்ளி விட்டு வந்ததும் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்குள் தவழ்வான். கீழே சிதறிக் கிடக்கும் திருகாணிகளைப் பொறுக்கி அப்பாவிடம் கொடுப்பான். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. தான் இல்லாவிட்டால் கடையே ஓடாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு வீடியோ பிளேயர் பழுதுக்கு வந்தது. உள்ளே ஒரு கேசட் சிக்கிக் கிடந்தது. அப்பா அதை மெல்ல வெளியே எடுத்து, துடைத்து, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தார். அது பேய்ப்படம். குண்டூசி மேசைக்கு அடியில் திருகாணி தேடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியிலிருந்து ஓர் உருவம் பாய்ந்து சமையலறைக்கு ஓடியது. பூனை என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் தம்பி சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிப்பதில்லை.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போக ஒரு நீளமான நடைவழி உண்டு. ஜன்னல் கிடையாது. பகலிலேயே மங்கலாக இருக்கும். படத்திலும் அதே மாதிரி ஒரு நடைவழி வந்ததாம், அதன் கோடியில் ஒரு மூடிய கதவு இருந்ததாம். தண்ணீர் குடிக்காமல் இருந்தும் பலன் இல்லை. காலையில் அவன் படுக்கை ஈரமாக இருந்தது. நான்தான் யாருக்கும் தெரியாமல் விரிப்பை அலசிப் போட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லாதக்கா. இனிமே கடைக்குள்ளயே விடமாட்டாரு" என்று கெஞ்சினான்.

அம்மாவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. பிள்ளை வாடிப்போயிருக்கிறான், நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார். டாக்டர் என்றால் ஊசி. ஊசியாவது பரவாயில்லை, டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டி வருமே என்பதுதான் குண்டூசியின் கவலை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடையில் ஓர் ஊமைப்பெட்டி இருந்தது. ஊமைப்பெட்டியில் யார் சண்டை போட்டாலும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வில்லன் வாயைத் திறந்து திறந்து மூடுவான், மீன் மாதிரி இருக்கும். அதில் பேய்ப்படத்தைப் போட்டுக் காட்டினால் பேயும் மீனாகிவிடும் அல்லவா?

அப்பா ஒரு வீட்டுக்கு ஆன்டெனாவைத் திருப்பி வைக்கப் போயிருந்தார். அம்மா மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தார். நான் குண்டூசியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"பாரு, ஊமைன்னு எழுதியிருக்கு. சத்தமே வராது. சத்தியமா" என்றேன்.

அவன் பெட்டியின் தலையைப் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து. அதற்குமேல் அவனுக்கு வேறு சாட்சி தேவையில்லை. தைரியமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் வீடியோ பிளேயரை அந்தப் பெட்டியோடு இணைத்துக் கேசட்டை உள்ளே தள்ளினேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காலையிலேயே அப்பா அந்தப் பெட்டியைச் சரிசெய்துவிட்டார். ஆன்டெனா வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால் எழுத்தைத் துடைக்க மட்டும் மறந்துபோனார்.

கிரீச்ச்ச் என்று கடையே அதிரும்படி ஒரு கதவு திறந்தது. தண்ணீர் சொட்டியது. ஒரு ரீங்காரம் எழுந்தது. சொன்னால் வெட்கம், எனக்கே கைமயிர் சிலிர்த்து நின்றது. நான் அவனைவிடப் பெரியவள், ஆனால் என் கால்கள் அசையவே இல்லை.

பெட்டியில் ஒரு கறுப்புத் திருகு இருந்தது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். கடையில் அதை நாப் என்போம். குண்டூசி கண்களை இறுக மூடிக்கொண்டே கையை நீட்டித் துழாவினான். நாப் அகப்பட்டது. ஒரே திருகாகத் திருகினான்.

சத்தம் நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். மாடியில் அம்மா துணி உதறும் சத்தம் கேட்டது. குண்டூசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். திரையில் வெறும் நடைவழி, மெல்ல முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, யாரு இவ்ளோ மெதுவா போறது?"

"கேமரா பிடிக்கிறவரு."

"ஏன் தவழ்ந்து போறாரு?"

எனக்கும் தெரியவில்லை. தரையோடு தரையாகப் போனால்தான் கதவு ரொம்பப் பெரிசாகத் தெரியும் போலிருக்கிறது என்றேன். எப்போதும் தவழ்கிறவனுக்கு அது உடனே விளங்கியது. அப்பாவின் மேசைகூட அடியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்குமாம்.

"பாவம்க்கா, முட்டி வலிக்கும்" என்றான்.

சத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டினான். தோள்கள் காதுவரை ஏறின. குறைத்தான். தோள்கள் இறங்கின. மறுபடி கூட்டினான். நாப்பை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். பிறகு ஏனோ கையை மடியில் வைத்துக்கொண்டேன். அது அவன் கையிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

கேமராக்காரர் கதவருகே போய்விட்டார். கைப்பிடி திரும்பியது. குண்டூசி சத்தத்தை முழுசாகக் குறைத்தான், ஆனால் கண்ணை மூடவில்லை. கதவு திறந்தது. காய்கறிப் பையோடு ஓர் அம்மா உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

"இதுக்குத்தான் ஓடினேனா?" என்றான்.

அதற்குமேல் படம் பார்க்க இருவருக்கும் ஆசை இல்லை. கேசட்டைத் திரும்பச் சுற்றினோம். இந்தமுறை திரைமேல் துண்டைப் போட்டு மூடி, சத்தத்தை மட்டும் கேட்டோம். சொட்டுவது எங்கள் சமையலறைக் குழாய் மாதிரியே இருந்தது. கிரீச் என்பது துணி அலமாரி. ரீங்காரம் அப்பாவின் ஸ்டெபிலைசர்.

"நம்ம வீட்டுலயே இவ்ளோ பேய் இருக்காக்கா? எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுங்கதான்" என்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்த வேகத்தில் அவன் பிடித்திருந்த நாப் கழன்று கையோடு வந்துவிட்டது.

அப்பா திரும்பி வந்து பெட்டியின் தலையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுத்தைத் துடைத்தார். பிறகு முன்பக்கம் பார்த்தார்.

"நாப் எங்க?"

குண்டூசி என் பின்னால் ஒளிந்தான். அது வேறு ஒரு வேலைக்கு வேண்டியிருக்கிறது, பழைய சாமான் டப்பாவிலிருந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் அப்பா என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த கண்களையும் பார்த்தார். டப்பாவைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் குண்டூசி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து நடைவழியின் வாசலில் போய் நின்றான். கால்சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஏதோ திருகினான். திரும்பி என்னைப் பார்த்தான். நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவன் போனான். பாதி வழியில் "கிரீச்ச்" என்று அவனே வாயால் கதவு திறந்துகொண்டான். அவன் தண்ணீர் குடித்ததைப் பார்த்த அம்மா நிம்மதியோடு, இனி டாக்டர் எதற்கு என்றார்.

அதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த முன்னறையில் இப்போது யாரோ செருப்புக் கடை வைத்திருக்கிறார்கள். குண்டூசி என்னைவிட உயரமாக வளர்ந்து, கொஞ்சம் தொப்பையும் போட்டுவிட்டான். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தவன் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். விளக்கை அணைத்த பிறகுதான் அது பேய்ப்படம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நீளமான நடைவழி. கேமரா தரையோடு தரையாக நகர்ந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

குண்டூசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் விரல்களை மெல்லப் பிரித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தான். சின்னதாக, வட்டமாக இருந்தது. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"குறைச்சுக்கோக்கா" என்றான்.