படித்தது யார்?

அந்த அலுவலகத்தைக் காலி செய்து இரண்டு வாரமாகிவிட்டது. மேசை, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலுள்ள பதிவுகளைத் துடைத்து அணைப்பதற்காக, ஒரு விடுமுறை நாள் மதியம் கோட்டானை அவன் அக்கா புருஷன் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

"அரை மணி நேர வேலைடா. நான் கீழேயே இருக்கேன்," என்றார் மாமா. அங்கே மேலாளரும் அவர்தான்.

கோட்டான் என்பது பட்டப்பெயர். ஊமைக்கோட்டான் மாதிரி வாயே திறக்கமாட்டான் என்று, அவனோடு வேலை பார்த்த 'தாடி' என்கிற நண்பன் வைத்தது. அந்தத் தாடி இப்போது உயிரோடு இல்லை. நாலு மாதத்துக்கு முன், அதே சர்வர் அறையில், தீயணைக்கும் வாயு திறந்துகொண்டதில் மூச்சுமுட்டிச் செத்துப்போனான். அவனே எதையோ நோண்டித் திறந்துவிட்டான், கேமரா பதிவையும் அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரலே அழித்துவிட்டது என்று மாமா அறிக்கை எழுதினார். கோட்டான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். "செத்தது விதி, சரி. தன் தப்பாலதான் செத்தார்னு ஊர் பேசுதே, அதைத்தான் தாங்க முடியல," என்று தாடியின் மனைவி அழுதது அவன் காதை விட்டுப் போகவில்லை.

கார்டைத் தேய்த்து உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எலும்பைத் தொடும் குளிர், மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல்.

அப்புறம் அந்த வாசனை.

கிராம்பு. தாடிக்குச் சொத்தைப் பல், நாள் முழுக்க ஒரு கிராம்பை அதக்கிக்கொண்டிருப்பான். பூட்டிக் கிடந்த அறை, பழைய வாசனை தங்கியிருக்கும் என்று கோட்டான் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

நூற்றுக்கணக்கான கேமராக்களின் வீடியோவை வாங்கி, சுருக்கி, நாள்வாரியாக அடுக்கி, பழையதை அழிப்பது அவர்கள் இருவரின் வேலை. அழிக்கும்போது தாடி ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒருவன் கமாண்டை அடிப்பான், மற்றவன் உரக்கப் படிப்பான். படித்தவன் 'சரி' என்று சொன்ன பிறகுதான் என்டரைத் தட்டலாம். அவன் ஸ்கிரிப்டும் அழிக்கும் முன் கேட்கும்: அடித்தது யார்? படித்தது யார்?

இன்று அந்த ஸ்கிரிப்ட் எதற்கு? ஒரே வரியில் எல்லாவற்றையும் துடைக்கும் கமாண்டை அடித்தான். என்டரைத் தட்டினான்.

திரையில் ஒரு வரி வந்தது.

படித்தது யார்?

தாடியின் ஸ்கிரிப்டை அவன் கூப்பிடவே இல்லை. திரும்ப அடித்தான். அதே கேள்வி. வாசனை இப்போது அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

என்னதான் கோளாறு என்று, அந்த ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் பழைய பதிவேட்டைத் திறந்தான். கடைசி வரி தாடி செத்த நாளுடையது. மணி மூன்று நாற்பது. அடித்தவர்: தாடி. படித்தவர்: கோட்டான்.

தாடியின் உயிர் போனது மூன்றே காலுக்கு. மூன்று நாற்பதுக்குக் கோட்டான் அக்கா வீட்டில் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தான். போய் மாட்டு என்று அனுப்பியவர் மாமா.

அவர்கள் பெயரைப் போட்டு அடித்த அந்த ஆளுக்கு ஒன்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. தாடியின் ஸ்கிரிப்ட் எதையும் உடனே அழிக்காது, 'சந்தேகம்' என்ற மறைவான ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். "அழிச்சிட்டு அழறதைவிட, ஒதுக்கி வெச்சிட்டுத் தூங்கலாம்," என்பான். இது கோட்டானுக்குத் தெரியும். தெரிந்தும் இந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூட அவன் போய்ப் பார்க்கவில்லை. மாமா சொன்னால் வேதவாக்கு என்று இருந்துவிட்டான்.

திறந்தான். ஒரே ஒரு வீடியோ இருந்தது.

நடைவழிக் கேமரா. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் தாடி இரண்டு கையாலும் அறைகிறான். வெளியே ஒருவர் கார்டோடு ஓடிவருகிறார். தேய்த்தால் திறந்துவிடும். கார்டு நீள்கிறது, வாயுவுக்குப் பயந்து பின்வாங்குகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் தள்ளிப்போய் நிற்கிறார். கண்ணாடியில் கைகள் மெல்லச் சரிகின்றன. அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார்.

மாமா.

கோட்டான் எழுந்து கதவுக்கு ஓடி, உள்ளிருந்து திறக்க இருந்த ஒரே வழியான உள்பக்கப் பட்டனை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை. அது செத்த பட்டன். தாடி பட்டனை எட்டுவதற்குள் மயங்கிவிட்டான் என்று எழுதியிருந்ததே, அந்த அறிக்கை!

போனை எடுத்தான். "மாமா, உள்பக்கப் பட்டன் வேலை செய்யல."

"தெரியும்," என்றார். "அழிச்சிட்டியா?"

"வீடியோ பார்த்தேன் மாமா."

"முதல்ல அழி. அப்புறம் வந்து திறக்கறேன். உங்க அக்காவை நினைச்சுப் பாரு."

லைன் போய்விட்டது. பெற்ற அப்பனுக்கு அடுத்தபடி நம்பிய மனிதர். கூட இருந்தே குழி பறித்தவர், அந்தக் குழிக்குள் அவனையே இறக்கிவிட்டுக் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார். கோட்டானுக்கு அழுகை வந்தது. அழுதான். தாடியை நினைத்தும் அழுதான், ஏனென்றால் பதிவேட்டைப் படிக்காமல் அறிக்கைக்கு 'சரி' சொன்னவன் அவன்தானே.

பிறகு உட்கார்ந்து ஒரு கமாண்டை அடித்தான். வீடியோவைத் தாடியின் மனைவிக்கும் போலீசுக்கும் அனுப்பும் கமாண்ட். ஆளில்லாத அறையில், வாயே திறக்காதவன், ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தான்.

இரைச்சல் நின்றது.

காதோரம் கிராம்பு மணத்தது.

"சரி."

என்டரைத் தட்டினான். பதிவேட்டில் புதிய வரி ஏறியது. அடித்தவர்: கோட்டான். படித்தவர்: தாடி. அவனுக்குப் பின்னால் கதவு 'கிளிக்' என்று திறந்தது.

படியிறங்கி வந்தவன் காரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

சர்வரை மறுநாளே போலீஸ் கழற்றி, பெட்டியில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனது. விசாரணை நடக்கிறது. ஒரு மாதம் பேசாமல் இருந்த அக்கா, நேற்றுதான் போன் செய்தாள்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லடா. ஒண்ணு மட்டும் சொல்லு. தினமும் மூணே காலுக்கு உங்க மாமா போனுக்கு ஒரு மெசேஜ் வருது. நம்பர் மாத்தியாச்சு, போனையே மாத்தியாச்சு, நிக்கல. அதைப் பார்த்ததும் கதவையெல்லாம் திறந்து போட்டுட்டு வாசல்ல போய் நிக்கறார்."

"என்னன்னு வருது?"

"'படித்தது யார்?'னு. அப்புறம்... வீடு பூரா என்னடா இப்படிக் கிராம்பு வாசனை அடிக்குது?"