காலி வீட்டில் கயல்

காலை ஆறு நாற்பது. போன் அதிர்ந்தது.

"கயல்... திரையை விலக்காத. அந்த ஆள் மறுபடியும் வந்துட்டான்."

பக்கத்து வீட்டு முனவ்வரா ஆன்ட்டி.

கயல் தரையோடு தரையாகத் தவழ்ந்தாள். ஜன்னலை அடைந்தாள். திரையோரமாக ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

எதிரே ஓக் மரத்தடியில் சாம்பல் நிறக் கார். உள்ளே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். மடியில் நோட்டு.

நாலாவது நாள்.

"ஏதோ எழுதறான் ஆன்ட்டி."

"எழுதத்தான் செய்வான். வாட்ஸ்அப்ல வந்துச்சே. நம்மாளுங்க வீடா பார்த்து நாலு நாள் நோட் பண்றாங்களாம். அஞ்சாம் நாள் உடைச்சு, இருக்கிற தங்கத்தை அள்ளிடறாங்களாம்."

"நாளைக்கு அஞ்சாம் நாள்..."

"அதைத்தான் சொல்றேன்."

போலீஸைக் கூப்பிடலாமே என்பீர்கள். எந்தப் போலீஸை?

கலிபோர்னியாவின் அந்த மலைச்சரிவு எந்த நகராட்சியிலும் சேராதது. முந்நூறு வீடுகள். பாதியில் பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள். மீதியில் கம்பெனியை விற்றுவிட்டு நாய் வளர்ப்பவர்கள். மேயர் இல்லை. நடைபாதை இல்லை. நட்சத்திரங்களை மறைக்கிறது என்று தெருவிளக்கையும் வேண்டாமென்று விட்டார்கள்.

கயல் திங்கட்கிழமையே போன் செய்து பார்த்துவிட்டாள். விலாசத்தில் இருக்கும் ஊரின் போலீஸ், "நீங்க எங்க எல்லையில இல்ல மேம்" என்றது. மாவட்டப் போலீஸான கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ், "காருக்குள்ள உட்கார்ந்திருக்கிறது குற்றம் இல்ல மேம்" என்றது.

கணவன் இளமாறனிடம் சொல்லவில்லை. சொன்னால் தீர்ந்தது கதை.

அவன் ஆபீஸ் வேலையாக மூன்று வாரமாக டெக்சாஸில், பிளானோவில் இருந்தான். போன வேகத்தில் அந்த ஊரைக் காதலிக்கத் தொடங்கியிருந்தான். "இங்க வீடெல்லாம் எவ்ளோ பெருசு தெரியுமா? அங்க சின்ன ப்ராப்ளம் வந்தாலும் சொல்லு. எல்லாரும் இங்க ஷிஃப்ட் ஆயிடலாம்." தினமும் இதே பாட்டு.

கயலுக்கு ஒழுகும் இந்த வீடே போதும். அவள் வாங்கியது வீட்டை அல்ல. பள்ளிக்கூடத்தை. இந்த விலாசம் இருந்தால்தான் பேராசிரியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இடம். மகள் வெண்பா போன மாதம்தான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதை விட்டுவிட்டு பிளானோவா? நடக்காது.

திட்டம் போட்டது முனவ்வராதான்.

"காலி வீட்டுல எவன்மா திருடுவான்?"

திங்கட்கிழமையே வாசல் தோரணம் கழன்றது. விளக்குகள் அணைந்தன. செருப்பு ஸ்டாண்டும் ஹால் சோபாவும் கராஜுக்குள் போயின. கயலின் கார் ஆன்ட்டி வீட்டுக்குப் போனது. வெண்பா பின்வேலி ஏறிக் குதித்து தினமும் ஆன்ட்டியின் காரில் ஸ்கூலுக்குப் போய்வந்தாள். சமையலும் ஆன்ட்டி வீட்டில்தான். தாளிப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

காலிங் பெல் அடித்தது.

கயல் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினாள்.

"ஆன்ட்டி... வாசலுக்கே வந்துட்டான்."

"போனை வச்சிடாத. துடைப்பத்தை எடு. நீ க்ளீனிங்குக்கு வந்தவ. புரிஞ்சுதா?"

கயல் ஒரு காதில் இயர்போனும் ஒரு கையில் துடைப்பமுமாகக் கதவைத் திறந்தாள்.

தொப்பிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கதான் வீட்டுக்காரம்மாவா?"

"இல்ல சார். நான் சுத்தம் பண்ண வந்தவ."

"அவங்க எங்க?"

"பிளானோன்னு சொல்லு. ரொம்ப தூரம்" என்றது காது.

"பிளானோ போயிட்டாங்க. டெக்சாஸ். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல, பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். வெறும் ஹால். எழுதினார்.

"அந்தப் பொண்ணு?"

கயல் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள். கடத்தலா?

"அவளும்தான். ஸ்கூல்கூட அங்கயேதான்."

"நிச்சயமா?"

"சத்தியமா."

அவர் நோட்டை மூடினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

"பள்ளி மாவட்ட ஆபீஸ். பிள்ளைங்க கொடுத்த விலாசத்துல உண்மையிலேயே இருக்காங்களான்னு செக் பண்றது என் வேலை. ரொம்ப உதவினீங்க. இன்னைக்கே அந்தப் பொண்ணு பேரை எடுத்துடலாம்."

துடைப்பம் கீழே விழுந்தது.

"சார்... நான்தான் வீட்டுக்காரி."

"ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் க்ளீனர்."

"பொய் சொன்னேன். நாங்க இங்கதான் இருக்கோம். சத்தியமா."

"அதுக்கும் சத்தியமா?"

"ஆன்ட்டி, ஏதாவது சொல்லுங்க..."

காதில் சத்தமே இல்லை. முனவ்வரா போனை வைத்துவிட்டிருந்தாள்.

"நாலு நாளா பார்த்தேன் மேம். ஒரு விளக்கு எரியல. ஒரு ஆள் வெளிய வரல. மன்னிச்சுக்கோங்க." அவர் திரும்பி நடந்தார்.

பின்கதவு படீரென்று திறந்தது.

"மாம்! வேர் இஸ் மை ஷூ?"

வெண்பா. ஒரு காலில் சாக்ஸ். தலைமுடியில் வேலியோரத்து இலைகள்.

"கராஜ்ல இருக்குடி. கத்தாத."

"கராஜ்ல எங்க? யூ ஹேவ் ஹிடன் எவ்ரிதிங்! ஐ ஆம் நாட் ஜம்பிங் தட் ஃபென்ஸ் அகெய்ன்!"

"வச்ச எடத்துல தேடினா கெடைக்கும். ரூமைப் பாரு, குப்பைத்தொட்டி மாதிரி. படுக்கையை மடிச்சியா? ஈரத் துண்டை மறுபடியும் தரையில போட்டியா?"

"மாம், சீரியஸ்லி? எ வெட் டவல்?"

"என்ன சீரியஸ்லி? முந்தாநாள் டிபன் பாக்ஸ் எங்க?"

சண்டை மாடிவரை போய் ஹாலுக்குத் திரும்பி வந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியபோது தொப்பிக்காரர் மறுபடி வாசலில் நின்றிருந்தார். நோட்டில் எழுதியதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"தமிழ் புரியல. ஆனா ஈரத் துண்டுக்காகத்தானே சண்டை? அதுக்கு நடிப்பு வராது." சிரித்தார். "இருபது வருஷமா, குடியிருக்கிற மாதிரி நடிக்கிறவங்களைப் பிடிக்கிறேன். குடியில்லாத மாதிரி நடிச்சது நீங்கதான் முதல்."

கயலுக்கு உயிர் வந்தது.

"பொண்ணு ஸ்கூல்?"

"போகட்டும். இன்னைக்கு வாசல் வழியா."

"சார், எங்களைப் பத்தி யார் புகார் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. நாங்க போட்ட லெட்டர் திரும்பி வந்தது. தபால் ஆபீஸ் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. குடும்பமே பிளானோவுக்கு மாறிடுச்சுன்னு."

மூன்று வாரமாகத் தபால் பெட்டி காலியாகக் கிடந்த காரணம் கயலுக்குப் புரிந்தது.

போனை எடுத்தாள்.

"என்னங்க, தபால் ஆபீஸ்ல விலாசம் மாத்தற ஃபார்ம் ஏதாவது குடுத்தீங்களா?"

மறுமுனையில் இளமாறன் இழுத்தான்.

"அது வந்து கயல்... எப்படியும் நீ ஒத்துப்பேன்னு... ஃபார்ம்ல 'குடும்பம்'னு ஒரு கட்டம் இருந்துச்சா... டிக் பண்ணிட்டேன். கோச்சுக்காத. இப்பவே கேன்சல் பண்ணிடறேன்."

"வேண்டாம்."

"வேண்டாமா?" அவன் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

"பக்கத்துல 'தனி நபர்'னு இன்னொரு கட்டம் இருக்கும். அதுல டிக் பண்ணிடுங்க."