ரத்தம் சொன்ன பொய்

வருகிற திங்கட்கிழமை சந்தனமாரியின் பேரில் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறார்கள். மருமகளுக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாள், அதனால் வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனது என்பது குற்றச்சாட்டு. புகார் கொடுக்கப்போகிறவர் வேறு யாருமில்லை, பண்பொழியில் இருக்கும் சம்பந்தி இசக்கிப்பாண்டிதான்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆடிச் சாரலில் முந்தானை நனைய, சந்தனமாரி தென்காசியில் டாக்டர் வித்யாலட்சுமியின் அறைக்குள் நுழைந்தாள். ஹார்மோன் வியாதிகளுக்கு அந்த வட்டாரத்தில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். மற்ற டாக்டர்கள் குழம்பிப்போய்க் கைவிட்ட ரிப்போர்ட்டுகள் கடைசியில் அவர் மேஜைக்கு வந்து சேரும். பக்கத்தில் அவருடைய உதவி டாக்டர் துல்கர்னைன், கடையநல்லூர்க்காரர், எதிரில் இருப்பவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைத் தொடங்கிவிடுகிற ஆள்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா," என்றாள் சந்தனமாரி. "நான் குத்தம் செஞ்சேனா இல்லையான்னு நீங்கதான் இந்தத் தாளைப் பாத்துச் சொல்லணும்."

"மொதல்ல உக்காருங்க. தலையைத் துவட்டுங்க. அப்புறம் மெதுவாச் சொல்லுங்க."

சந்தனமாரி சொன்னாள். மருமகள் ஜெயபிரியாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தைராய்டு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சுந்தரபாண்டியபுரத்துக்கு வாழவந்த இரண்டு வருஷமும் அது பாட்டுக்கு ஓடியது. சந்தனமாரிக்குப் பெண் பிள்ளை கிடையாது. மகன் புவனேஷ் ஒருவன்தான். வந்தவளையே மகளாக வைத்துக்கொண்டாள். தலை சீவிவிட்டாள், மாசி மாதம் முடி கொட்டியபோது எண்ணெய் காய்ச்சினாள், சத்துக்கு அதையும் இதையும் வாங்கிக் கொடுத்தாள், உளுந்தங்களி கிண்டினாள்.

சித்திரையில் வழக்கம்போல ரத்தம் சோதித்தபோதுதான் ஆரம்பித்தது வினை. குறைவாக இருக்க வேண்டிய தைராய்டு எக்கச்சக்கமாகக் கூடிக் கிடந்தது. பார்த்த டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். மறுபடி சோதித்தார்கள், அப்படியேதான் இருந்தது. மாத்திரையை அடியோடு நிறுத்தினார். மூன்றாம் முறையும் குறையவில்லை. அதற்கிடையில் ஜெயபிரியா முழுகாமல் இருப்பது தெரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனியில் மூன்றாம் மாதம் கலைந்துபோனது.

"நிறுத்தின மாத்திரை எப்பிடி ரத்தத்துல கூடும்? யாரோ திருட்டுத்தனமாக் குடுக்காவன்னு சம்பந்தி சொல்லுதாவ. அதோட விட்டாப் பரவாயில்ல. பிள்ளையப் பண்பொழிக்குக் கூட்டிட்டுப் போய், பத்து நாள் கழிச்சு வேற ஆஸ்பத்திரில பாத்திருக்காவ. அங்கன எல்லாம் தலைகீழா இருக்கு. தைராய்டு சுத்தமா இல்லைன்னு வந்திருக்கு. ‘உங்க வீட்டுச் சோறு நின்னதும் மாத்திரையும் நின்னுபோச்சு பாத்தீங்களா மதினி’ன்னு நடுத்தெருவுல வச்சுக் கேட்டுட்டாவ." அவள் ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பிரியா ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லல டாக்டரம்மா. தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னா."

துல்கர்னைன் முன்னால் சாய்ந்தார். "மேடம், லேப்ல ரத்தம் மாறியிருக்கும். வேற யாரோட ரத்தமோ இவங்க பேர்ல வந்திருக்கு."

"ஒரு தடவை மாறலாம் துல்கர்னைன். மூணு தடவையும் ஒரே மாதிரியா மாறும்?" தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமலே டாக்டர் கேட்டார். பிறகு சந்தனமாரியைப் பார்த்தார். "இந்தச் சித்திரை வெயில்ல ஜெயபிரியா எப்படி இருந்தா? ரொம்பப் புழுங்குதுன்னு சொன்னாளா?"

"புழுக்கமா? ஃபேனைப் போட்டா எந்திரிச்சு வந்து அமத்திருவா. நாங்க வேர்வையில குளிக்கோம், அவ போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. புவனேசுக்கு அதுவே கோவம்."

"வேற என்ன மருந்து சாப்பிட்டா?"

"சாமி சத்தியமா ஒரு மருந்தும் கிடையாது."

டாக்டர் தாள்களை மடித்து வைத்தார். அன்று மதியமே பண்பொழிக்குப் போகலாம் என்றார்.

பண்பொழியில் சந்தனமாரி காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கும் தைரியம் இல்லை. திருமலைக் கோயில் குன்றை மேகம் மூடியிருந்தது. டாக்டரை வரவேற்க ஜெயபிரியா வாசலுக்கு வந்தாள். முகம் உப்பியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் படிக்கட்டில் துள்ளி இறங்கியவள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காருக்குள் இருந்தவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் துல்கர்னைன் வேகமாக வந்து கார்க் கதவைத் திறந்தார். "நாடி மெதுவா அடிக்குதும்மா. தோல் வறண்டு கிடக்கு. குதிகால் நரம்புல சுத்தியலால தட்டினா பாதம் மெதுவா, தூக்கத்துல எந்திரிக்கிற மாதிரி திரும்புது. ரொம்ப நாளா தைராய்டு இல்லாத உடம்பு."

"அப்போ நான் மாத்திரை குடுக்கலதானே தம்பி?"

அவர் பதில் சொல்லும் முன் டாக்டர் வந்து ஏறிக்கொண்டார். "உங்க வீட்டுக்குப் போலாம். காலையில எந்திரிச்சதுல இருந்து அவ வாய்க்குள்ள போன அத்தனையையும் நான் பாக்கணும். மருந்து மட்டும் இல்ல. அத்தனையும்."

சுந்தரபாண்டியபுரத்து அடுக்களையில் சந்தனமாரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காப்பித்தூள், கருப்பட்டி, முருங்கைக்கீரைப் பொடி, வெந்தயம், முடிக்குச் சத்து மாத்திரை, உளுந்து மாவு. தன் வீட்டு அடுக்களையில் இன்னொருத்தி நின்று ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்ப்பதைப் பார்த்தபோது, போலீஸே வந்துவிட்டதுபோல இருந்தது. டாக்டர் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை குத்தாலத்துல என் வீட்டுக்கு வாங்க. மகனையும் கூட்டிட்டு வாங்க. பண்பொழி வீட்டுக்கும் சொல்லிட்டேன்," என்றார்.

நடுவில் வந்த நாட்களில் சந்தனமாரி சரியாகச் சாப்பிடவில்லை. புவனேஷும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் தட்டை வைத்தபோது அவன் சோற்றைப் பிசைந்துவிட்டு ஒரு கணம் தயங்கினான். ஒரே ஒரு கணம்தான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் சீசன் கூட்டம் நெரிந்தது. ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் போய்க்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அவர்கள் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூடத்தில் ஒரு பக்கம் இசக்கிப்பாண்டியும் ஜெயபிரியாவும், மறுபக்கம் சந்தனமாரியும் புவனேஷும். அருவிச் சத்தம் அங்கேயும் கேட்டது.

டாக்டர் ஒரு ரிப்போர்ட்டை இசக்கிப்பாண்டியிடம் நீட்டினார். "அண்ணாச்சி, நீங்க மூணு மாசமா இந்தத் தாள்களைப் பாத்துப் பாத்துப் பழகிட்டீங்க. இதைப் பாத்துச் சொல்லுங்க."

இசக்கிப்பாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அதேதான். எம் பிள்ளைக்கு வந்த மாதிரியேதான் இருக்கு. கூடிக் கிடக்கு. யாருக்கு இது? இந்தப் பிள்ளைக்கும் மாமியா கலந்து குடுத்தாளா?"

"அது எனக்குத்தான்," என்றார் துல்கர்னைன். "நான் ஜென்மத்துல தைராய்டு மாத்திரையைத் தொட்டதில்லை. போன செவ்வாக்கிழமை பாத்தப்போ எனக்கு எல்லாம் சரியா இருந்தது. இது நேத்து எடுத்தது. ஜெயபிரியாவுக்குப் பாத்த அதே லேப், அதே மெஷின்."

இசக்கிப்பாண்டி தாளை மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு மொதல் சந்தேகம் வந்தது அந்தப் பத்து நாள்லதான்," டாக்டர் நிதானமாகத் தொடர்ந்தார். "உடம்புல தைராய்டு குறைஞ்சா மூளை ‘இன்னும் சுர, இன்னும் சுர’ன்னு சத்தம் போடும். டி.எஸ்.எச்.ங்கறது அந்தச் சத்தம்தான். கூடுதலா இருந்தா மூளை வாயை மூடிக்கும். மாசக்கணக்குல மாத்திரை அதிகமாப் போய் வாயை மூடின மூளை, மறுபடி சத்தம் போட வாரக்கணக்கா ஆகும். ஆனா இங்கே மூணு ரிப்போர்ட்ல சத்தமே இல்ல, பத்தே நாள்ல கூப்பாடு. அப்படி நடக்காது. அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு வந்து அவ உடம்பு மாறல. அவ உடம்பு சித்திரையிலேயே குளிர்ல நடுங்கிட்டுதான் இருந்தது. உண்மையிலேயே கூடியிருந்தா வேர்த்துக் கொட்டியிருக்கும், நெஞ்சு படபடத்திருக்கும். உடம்பு உண்மையைச் சொன்னது. பழைய ரிப்போர்ட்டுதான் பொய் சொன்னது. ஏன் சொன்னதுன்னு தேடினேன்."

அவர் ஜெயபிரியா பக்கம் திரும்பினார். "நான் உன் அத்தைகிட்ட ‘வேற மருந்து சாப்பிட்டாளா’ன்னு கேட்டேன். இல்லைன்னாங்க. உன்கிட்டயும் எல்லா டாக்டரும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க. கேள்வியே தப்பு. மருந்தை விடு. காலையில தண்ணியோட வேற என்ன முழுங்கின?"

"ஒண்ணுமில்ல டாக்டர்." ஜெயபிரியாவின் குரல் கரகரத்தது. "முடி வளர்ற சத்து மாத்திரைதான். ரெண்டு. அது வைட்டமின்தானே?"

"வைட்டமின்தான். பயோட்டின். உடம்புக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா சில மெஷின்ல ரத்தத்துல உள்ள ஹார்மோனைப் பிடிக்கிற கொக்கியே அந்த வைட்டமின்தான். ரத்தத்துலயும் அது நிறைஞ்சு கிடந்தா மெஷின் ஏமாந்துபோகும். இல்லாததை இருக்குன்னு காட்டும், இருக்கறதை இல்லைன்னு காட்டும். பண்பொழிக்குப் போனப்போ அந்த பாட்டில் சுந்தரபாண்டியபுரத்துலயே இருந்துபோச்சு. சில நாள்ல ரத்தத்துல அது வடிஞ்சதும் உண்மை வெளிய வந்தது. துல்கர்னைன் நாலு நாளா அதைத்தான் முழுங்கினார். யாரும் உனக்கு எதையும் கலந்து குடுக்கல."

இசக்கிப்பாண்டி கண்ணாடியைக் கழற்றினார். புவனேஷ் தாயின் பக்கம் மெல்லத் திரும்பினான்.

ஆனால் சந்தனமாரி யாரையும் பார்க்கவில்லை. மாசி மாதத்து வெயிலில் கடைகடையாக ஏறி, "இருக்கதுல நல்லதாப் பாத்துத் தாங்க, எம் பிள்ளைக்கு" என்று அவள் கேட்டு வாங்கிய மாத்திரை அது. ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னபிறகும், சீக்கிரம் முடி வளரட்டுமே என்று அவள்தான் இரண்டாக்கினாள். தினமும் காலையில் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள்.

"அப்போ நான்தான்," என்றாள். "என் கையாலதான்."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் டாக்டர். "கேக்க வேண்டியவங்க கேக்கல. உடம்பைத் தொட்டுப் பாக்காம தாளை மட்டும் பாத்து தைராய்டு மாத்திரையை நிறுத்தினது எங்க ஆளுங்க."

"அந்த மாத்திரைய நிறுத்தினதாலதான் பிள்ளை போச்சா டாக்டரம்மா? நெசத்தச் சொல்லுங்க."

"இருக்கலாம். தைராய்டு இல்லைன்னா கலையறது உண்டு. எல்லாம் சரியா இருந்தும் கலையறதும் உண்டு. எதுன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்யாயிரும்."

இசக்கிப்பாண்டி எழுந்து வந்து சந்தனமாரி முன்னால் நின்றார். "மதினி..." என்றார். கையைக் கூப்பினார். அப்படியே திரும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். டாக்டர் புது மருந்துச்சீட்டை எழுதி ஜெயபிரியாவிடம் கொடுத்து, நாளையிலிருந்தே தொடங்கச் சொன்னார். எவ்வளவு, எப்படி என்று துல்கர்னைன் விளக்க ஆரம்பித்தார். டாக்டர் அவர் தோளைத் தொட, இருவருமாக உள்ளே போனார்கள்.

சந்தனமாரி வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பழி நீங்கிவிட்டது. திங்கட்கிழமை யாரும் எங்கும் போகப்போவதில்லை. அதை நினைத்து மனது லேசாகும் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தாள். லேசாகவில்லை.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். ஜெயபிரியா.

"நானும் நம்பிட்டேன் அத்தை," என்றாள். "அப்பா சொன்னப்போ நீங்க செய்ய மாட்டீங்கன்னு சொல்ல வாய் வரல. ஒருவேளை செஞ்சிருப்பீங்களோன்னு நெனச்சேன்."

"நெனச்சதுல தப்பில்ல பிரியா. அந்த நேரத்துல நானா இருந்தாலும் நெனச்சிருப்பேன்."

"நான் இப்போ அங்கன வரல அத்தை. கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வாரேன்."

"எப்போ வரணும்னு தோணுதோ அப்போ வா."

பிள்ளை வயிற்றில் இருந்த நாட்களில் அவர்கள் இருவரும் அதைப் பற்றி எவ்வளவோ பேசியிருந்தார்கள். யார் ஜாடை, எந்தக் கோயிலில் முடி எடுப்பது, தொட்டிலை எந்த உத்திரத்தில் கட்டுவது என்று. அது போன அன்றைக்கே சண்டை மூண்டுவிட்டது. அதற்குப் பிறகு சந்தனமாரி எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள், எல்லாம் தன்மேல் விழுந்த பழிக்காக. பிள்ளைக்கென்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் அழுகை நிற்கவில்லை. ஜெயபிரியா அவள் கையைப் பிடித்தாள். ஆடிச் சாரலைவிடக் குளிர்ந்திருந்த கை. சந்தனமாரி அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். இருவரும் அந்தப் பிள்ளைக்காக முதல்தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.