உளுந்தை மிதித்தவர்

தை இருபத்துநான்கு, காலை ஆறு பத்து.

செம்மொழி ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்தினாள். அறுத்து நான்கு நாளான அப்பாவின் வயலில் ஐந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். திடமான ஆட்கள். ஒருவர் கையில் முட்டை வடிவப் பந்து. வயலின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு வேறு.

"நிறுத்துங்க!"

நான்கு பேர் நின்றார்கள். ஐந்தாவது ஆள் பந்தோடு ஓடிவந்து, அவளுக்கு இரண்டடி முன்னால்தான் நின்றான். நல்ல உயரம். ஒரு காது அடிபட்டு மடங்கி இறுகியிருந்தது. கண்கள் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தவில்லை... பால்குடி மறக்காத கன்றின் கண்கள்.

"யாரைக் கேட்டு எறங்குனீங்க?"

"மன்னிக்கணும்ங்க. அறுத்த வயல்தானே, சும்மாதானே கெடக்குன்னு..."

"சும்மாவா? குனிங்க."

"என்னங்க?"

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தான். நெல் தாள்களுக்கு நடுவே, நகத்தளவில் இரண்டு பச்சை இலைகள். பக்கத்தில் இன்னொரு செடி. அடுத்தது அவன் ஷூ தடத்துக்குள் நசுங்கிக் கிடந்தது.

"உளுந்து. அறுக்கறதுக்கு முன்னாடியே நெல்லுக்குள்ள தெளிச்சிடுவோம். அந்த ஈரத்துல முளைக்கிறது. ஈரம் காஞ்சிருச்சு, இனி மறுபடி தெளிக்க முடியாது."

அவன் நிமிரவில்லை. தான் ஓடிவந்த வழியையே பார்த்தான். பிறகு ஷூவைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். ஐந்து பேரும் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, செடி பார்த்துக் கால் வைத்து, தாள் குத்த முகம் சுளித்து, கொக்குகளைப் போல வரப்புக்கு வந்தார்கள்.

செம்மொழிக்குச் சிரிப்பு வந்தது. கோபப்பட வேண்டிய நேரத்தில்.

"நான் அப்பவே சொன்னேன்ல ஜாஃபர், யாரையாவது கேட்டுட்டு எறங்கலாம்னு," என்றாள் அவர்களில் ஒரே பெண்ணான பிரகதீஸ்வரி.

"எந்த ஊரு நீங்க?" என்று செம்மொழி அவனைக் கேட்டாள்.

"கூத்தாநல்லூர்."

"இந்தப் பக்கத்து ஆளா? அப்புறமுமா உளுந்து தெரியல?"

"வீட்டுல எல்லாரும் கடைக்காரங்க. உளுந்து எனக்கு வடையாத்தான் பழக்கம்."

ஜாஃபர் சாதிக் பதினோரு வருடம் மாநில அணிக்கு ரக்பி ஆடியவன். முழங்கால் போனதும் நிறுத்தினான். வயது முப்பத்தொன்பது. அவனும் அவனைப் போல ஆட்டத்தை விட்ட நான்கு பேரும் சேர்ந்து, ஞாயிறுதோறும் கிராமங்களுக்குப் போய், கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரத்தநாட்டைச் சுற்றி இது முதல் ஊர். பிள்ளைகள் ஏழு மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் மைதானம் தேடியிருக்கிறார்கள்.

செம்மொழி அப்பாவிடம் சொன்னாள். ரெத்தினம் வந்து வயலைச் சுற்றிப் பார்த்தார். திட்டவில்லை.

"புள்ளைங்களுக்குன்னுதானே வந்தாங்க," என்றார். பள்ளிக்கூட மைதானத்தை அவரே தலைமையாசிரியரிடம் பேசி வாங்கிக்கொடுத்தார்.

மறு ஞாயிறு ஜாஃபர், பிள்ளைகளுக்கு ஷூ கேட்டு எழுத ஒரு படம் வேண்டும், அவரை எடுக்கலாமா என்றான். ரெத்தினம் வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வயலின் நடுவில்தான் நிற்பேன் என்றார். நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அடுத்தவர் வயலில் முப்பத்தைந்து வருடம் நாற்றுக்கட்டு சுமந்து, ஐம்பத்திரண்டாவது வயதில் வாங்கியது. அதன் பட்டாவை லேமினேட் செய்து வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஜாஃபருக்கும் காட்டினார்.

செம்மொழி கால்நடை மருத்துவர். ஞாயிறு விடுமுறை. முதல் ஞாயிறு ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது என்று கட்டுப் போடப் போனாள். அடுத்த ஞாயிறு யாருக்கும் எதுவும் பிசகவில்லை. ஆனாலும் போனாள்.

"பந்தைப் பின்னாடிதான் எறியணும். ஆளு முன்னாடி ஓடணும்," என்று ஜாஃபர் விளக்கினான்.

"முன்னாடி போறதுக்குப் பின்னாடி எறியறதா? உருப்படுமா இந்த ஆட்டம்?"

"ஆடிப் பாருங்க டாக்டர்."

"மொதல்ல உங்க முட்டியக் காட்டுங்க. நொண்டறீங்க."

"நீங்க மாட்டு டாக்டர்."

"ரெண்டும் ஒண்ணுதான். சொன்னாக் கேக்காது."

பிரகதீஸ்வரி பிள்ளைகளின் பக்கம் திரும்பி விசிலை ஊதினாள். சிரிப்பை மறைக்கத்தான்.

மாசியில் ஒருநாள் காலம் தப்பிய மழை. பிள்ளைகள் நனைந்தபடி ஆடினார்கள். இவர்கள் இருவரும் வகுப்பறைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். ஓட்டிலிருந்து தண்ணீர் கம்பியாக இறங்கியது. அவன் இமையில் ஒரு துளி நின்றது... விழவில்லை. செம்மொழி அதையே பார்த்தாள். பிறகு மைதானத்தைப் பார்த்தாள்.

"திருக்கடையூர்லேருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு," என்றாள்.

"ம்."

"பேங்க்ல வேலையாம். பங்குனி பன்னெண்டு, வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்னு அப்பா கேக்கறாரு."

"நல்ல எடமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மழை பெரிதாகப் பெய்தது. "விட்டதும் கோடு போடணும்," என்றான்.

முப்பத்துமூன்று வயதில் ஒருத்தி இதற்கு மேல் எப்படிச் சொல்வாள்... வெள்ளி வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் கேட்டுவிடுவான்.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு விழா வைத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் புது ஷூ. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை அனுப்பியது. ஊரே வந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அறக்கட்டளை மாட்டிய பெரிய ஃபிளெக்ஸ். அதில் ரெத்தினம், வெள்ளைச் சட்டையில், தன் வயலின் நடுவில் நின்றார்.

ரெத்தினம் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். முதல் வரிசையில் உட்கார்ந்து, உதடு அசையப் படித்தார். செம்மொழி அவருக்கு முன்பே படித்துவிட்டாள்.

'நிலமற்ற கூலித் தொழிலாளி குடும்பம்.'

யாரோ பின்னால் சிரித்தார்கள். "என்ன மாமா, நெலத்த எப்ப வித்தீங்க?"

ரெத்தினம் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

செம்மொழி மேடைக்கு அருகே போனாள். "யார் எழுதுனது?"

ஜாஃபர் ஃபிளெக்ஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான்தான். ஷூவுக்கான படிவத்துல அப்படி ஒரு குடும்பத்தோட படம் கேட்டிருந்தாங்க. நிலம் இருக்குன்னு எழுதுனா ஷூ தரமாட்டாங்க. படத்தோட இங்கயே மாட்டுவாங்கன்னு தெரியாது..."

"பட்டாவ உங்க கையில குடுத்தாருல்ல?"

"குடுத்தாரு."

"படிச்சீங்களா?"

"செம்மொழி..."

"உதவி செய்யறவங்களுக்கு நாங்க ஏழையா இருந்தாத்தான் கண்ணு தெரியுமா?"

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. ஃபிளெக்ஸை அவிழ்க்க அவன் ஏணி கேட்பது பின்னாலிருந்து காதில் விழுந்தது. திரும்பவில்லை.

வீட்டில் ரெத்தினம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திங்களும் செவ்வாயும் வயலுக்குப் போகவில்லை. புதன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"திருக்கடையூருக்கு என்ன சொல்லட்டும்மா?"

"நாளைக்குச் சொல்றேன்பா."

அவன் வருவான் என்று பார்த்தாள். அவ்வளவு கோபத்திலும் பார்த்தாள். வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலை தானாகத் திரும்பியது. தன் மேலேயே எரிச்சல் வந்தது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு, மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே, "சரின்னு சொல்லிடுங்கப்பா," என்றாள். ரெத்தினம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளி காலை, மருந்தக வாசலில் ஜாஃபர் நின்றான். சவரம் செய்யாத முகம். செம்மொழி ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டு அனுப்பும் வரை நின்றுகொண்டே இருந்தான்.

"அப்பாவப் பாத்துட்டு வரேன்," என்றான்.

"என்ன சொன்னாரு?"

"பட்டாவ எடுத்துட்டு வந்து படின்னாரு. படிச்சேன். சத்தமான்னாரு. தெருவுல நின்னு சர்வே நம்பர்லேருந்து எல்லாம் படிச்சேன். ரெண்டு தடவ."

அவள் கையைக் கழுவினாள். நேரமெடுத்துக் கழுவினாள்.

"சென்னை போயி அந்தப் படிவத்தையும் மாத்திக் குடுத்தேன். ஷூவத் திருப்பிக் கேட்டா என் கைக்காசுல வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அஞ்சு நாளா?"

"ஒரு நாள். மிச்சம் நாலு நாள் வீட்டுல உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"பயம்."

"பதினஞ்சு பேரு மேல வந்து விழுந்தும் எந்திரிச்சவருதானே நீங்க?"

அவன் சிரிக்கவில்லை. "உம்மாகிட்ட உங்களப் பத்திச் சொன்னேன். நம்ம ஆளுங்க இல்லன்னு தெரிஞ்சதும் மூணு நாள் பேசல. நேத்து சாயங்காலம் அஸர் தொழுகைய முடிச்சிட்டு வந்து, 'அந்தப் பொண்ணு ஒன்னக் கட்டிக்க ஒத்துக்கிச்சா'ன்னு கேட்டாங்க. இன்னும் கேக்கவே இல்லன்னேன். திட்டுனாங்க. கேட்டுட்டு வாடான்னாங்க."

"நேத்தா... எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருக்கும். ஏன்?"

செம்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்த மழையிலயே கேட்டிருக்கணும்," என்றான் அவன். "வாய் வரைக்கும் வந்துச்சு. முட்டி போன ஆளு, வேற மதம், நெலையான வேலை இல்ல... எதச் சொல்லிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். கோடு போடணும்னு ஒளறுனேன். உங்கள எனக்குப் பிடிக்கும் செம்மொழி. மொத நாள் குனின்னு சொன்னீங்களே, அன்னையிலேருந்து."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை. அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்குந்தான் பிடிக்கும். நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன். அஞ்சு மணிக்குத் திருக்கடையூருக்குச் சரின்னு சொல்லிட்டேன். ஒருதடவ ஊரு சிரிச்ச மனுஷன்கிட்ட போயி, குடுத்த வாக்கையும் மாத்துங்கப்பான்னு நான் எப்படிச் சொல்லட்டும் ஜாஃபர்?"