மேட்டுக்குள் ஒரு கம்பளிச் சட்டை

சக்கரப் பலகை உள்ளே இருந்தது.

தோரா குனிந்து, கல்வழியின் சின்னச் சதுர வாய்க்குள் மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நேற்று மாலை அவள்தான் அதை வெளியே இழுத்து, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்தக் கல் புல்லின்மேல் ஓரமாக இருந்தது, யாரோ பொறுப்பாக எடுத்து வைத்ததுபோல. பலகையோ வழியின் மறுகோடியில், அறை தொடங்கும் இடத்தில் நின்றது. அதன்மேல் குப்புறப் படுத்து, தலைக்கு மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தால்தான் உள்ளே போக முடியும். தானாக உருண்டு போகிற சமாசாரம் இல்லை. போனவர் திரும்பி வராவிட்டால்தான் பலகை அங்கே நிற்கும்.

“யாரது உள்ள?” என்று கேட்டாள்.

புல் மூடிய அந்தப் பழங்காலக் கல்லறை மேட்டுக்கு ஒரு குணம் உண்டு. வெளியே முணுமுணுத்தாலும் உள்ளே கணீரென்று கேட்கும். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒன்றும் வராது. கோடையில் மேட்டைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அதைச் செய்து காட்டி அவள் சிரிக்க வைப்பாள். இப்போது டிசம்பர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் இந்த ஓரத்துத் தீவுக்குக் காற்றையும் கடற்பறவையையும் தவிர வேறு விருந்தாளி கிடையாது.

பலகையின் பின்னால் கட்டியிருந்த வால்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கடகடவென்று வந்தது. மரம் நனைந்து கறுத்திருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. ஐயாயிரம் வருஷமாக ஒரு சொட்டு ஒழுகாத அறை அது. தீவிலேயே காய்ந்த இடம் அதுதான் என்று அவள் கணவன் எர்லென்ட் சொல்வான். நம் படுக்கையறையைவிடக் காய்ந்தது என்று கிண்டலும் செய்வான்.

எர்லென்ட் அக்டோபரில், கடலில் போட்டிருந்த நண்டுக்கூடைகளைத் தூக்கப் போனவன். படகு கிடைத்தது, இயந்திரம் அணைந்து, சமர்த்தாக மிதந்துகொண்டு. அவன் கிடைக்கவில்லை. பாதிரியார் நல்ல மனுஷர், தேவாலயத் தோட்டத்தில் ஒரு கல் நட்டுக்கொள்ளலாம் என்றார். கல்லுக்கு அடியில் எதை வைப்பது என்று தோரா கேட்டாள். அந்தக் கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு பல், ஒரு நகம், ஏதாவது ஒன்று போதும் அவளுக்கு. மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழலாம்.

கிடைக்காததால் ஒரு காரியம் செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தீவுக்காரிகள் மீனவனுக்குப் பின்னுகிற கம்பளிச் சட்டையின் அடி ஓரத்தில் அவன் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்துப் பின்னிவிடுவார்கள். கடல் முகத்தை அழித்தாலும் சட்டை ஆளைச் சொல்லிவிடும். எர்லென்ட் அன்றைக்குப் பழைய சட்டையோடு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அலமாரியில் கிடந்தது. நேற்று மாலை அதை எடுத்துக்கொண்டு போய், மேட்டுக்குள் எலும்புகள் இருக்கிற பக்க மாடத்தில், கைகளை விரித்துப் படுக்க வைத்துவிட்டு வந்துவிட்டாள். மற்றவர்களுக்கு நடுவில் அவனுக்கும் ஓர் இடம் இருக்கட்டுமே என்றுதான்.

மாமனார் உயிரோடு இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். மேட்டைத் தோண்டிக் கண்டுபிடித்தவர் அவர். கறாரான ஒரே கட்டளைதான் அவரிடம்: வெளிப்பொருள் எதுவும் இரவில் உள்ளே தங்கக் கூடாது. யாராவது கையுறையை விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட, இருட்டுவதற்குள் முனகிக்கொண்டே போய் எடுத்து வந்துவிடுவார். உள்ளே விட்டால் கொடுத்ததாக அர்த்தம் என்பார். கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மத்தியானம் எர்லென்டின் தம்பி ஹாக்கன் வந்தான். தொழுவத்து மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கையைக் கழுவி, சமையலறையில் உட்கார்ந்து வாற்கோதுமை ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

“தினமும் மேட்டுக்குப் போறியாமே. உள்ள டீ கீ குடுக்கறாங்களா?”

“உன் பொண்டாட்டி ரூனா போடற டீய விட நல்லாத்தான் இருக்கு.”

ஹாக்கன் சிரித்தான். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டான். பார்க்கப் பாவமாக இருந்தது.

“பலகை உள்ள இருந்துச்சு, ஹாக்கன். ஈரமா.”

“காத்தா இருக்கும்.”

“காத்துக்குக் கயிறு பிடிச்சு இழுக்கத் தெரியுமா?”

“அப்ப எவனாவது குடிகாரப் பயலா இருக்கும். துறைமுகத்துல ஒண்ணு ரெண்டு அப்படி அலையுது.” ரொட்டியைக் கீழே வைத்தான். “என்கிட்ட பழைய கம்பிக் கதவு ஒண்ணு கிடக்கு. இருட்டறதுக்குள்ள கொண்டாந்து வாசல்ல மாட்டிப் பூட்டிடறேன். இனிமே வசந்தத்துலதான் தொறக்கறது. நீயும் கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடு. ரூனாவும் சொன்னா. பசங்க பெரியம்மா எப்ப வருவாங்கன்னு உயிர வாங்குதுங்க.”

“எர்லென்ட் வந்தா வீட்டுல ஆள் வேணாமா?”

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

“வரமாட்டான், தோரா.” ஹாக்கனின் குரல் தழைந்தது. “என் கூடப் பொறந்தவன். எனக்கும் வயிறு எரியுது. ஆனா வரமாட்டான்.”

முகத்துக்கு நேராக அதை அவளிடம் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் வண்டி தகரம் அதிர இறங்கிப் போனதும் ஒரே ஒரு நினைப்புதான்: கதவைப் பூட்டுவதற்குள் சட்டையை எடுத்துவிட வேண்டும். வசந்தம்வரை எர்லென்டின் சட்டை அங்கே தனியாகக் கிடக்கக் கூடாது.

இந்தப் பருவத்தில் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். அவள் மேட்டுக்குப் போனபோது கடலுக்கு மேலே ஒரு கோடு வெளிச்சம் மிச்சம் இருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையில் குப்புறப் படுத்து, கயிற்றைப் பற்றி நகர்ந்தாள். இரண்டு பக்கமும் தோளை உரசுகிற கல், தலைக்கு மேலே மூச்சுபட்டுத் திரும்புகிற கல், அடியில் சக்கரங்கள் மண்ணை அரைக்கிற ஓசை. எத்தனையோ முறை போய் வந்த வழிதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவாள், ஆனால் இத்தனை வருஷமும் புழுதியும் பழைய கல்லுமாக மணந்த அந்தக் காற்றில் இன்று பாசியும், நனைந்த கயிறும், படகின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரும் கலந்து, எர்லென்ட் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அடிக்கிற அதே வாடை வீசியது.

அறைக்குள் இறங்கி எழுந்து நின்றாள். உயரமான அறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்பலகைகள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து இருட்டில் மறைந்தன. கோடையில் இங்கே நின்றுதான் அவள் கதை சொல்வாள். செத்தவர்களை முதலில் வெளியே விட்டுவிடுவார்கள், காற்றும் பறவையும் தின்று முடித்த பிறகு எலும்பை மட்டும் உள்ளே கொண்டு வருவார்கள், மண்டையோடுகள் ஒரு வரிசை, கைகால் எலும்புகள் ஒரு குவியல், எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது என்பாள். உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் என்று முடிப்பாள். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

தரையில் ஈரத்தடம் இருந்தது. வழியிலிருந்து நேராகப் பக்க மாடத்துக்குப் போயிருந்தது.

மாடத்தின் வாய் முழங்கால் உயரம்தான். படுத்து, தோள்வரை உள்ளே நுழைத்தாள். மண்டையோடுகள் வழக்கம்போல் சுவரோரம் இருந்தன, வரிசையில் ஒன்று மட்டும் குறைந்து. கைகால் எலும்புக் குவியல் இல்லை. அது கிடந்த இடத்தில் வெறும் மண்.

சட்டை அவள் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் தட்டையாக இல்லை.

மார்பு எழும்பியிருந்தது. தோள்கள் எழும்பியிருந்தன. கம்பளிக்கு அடியில் விலா விலாவாகத் தெரிந்தது. இடது கை அவள் பக்கம் நீண்டிருந்தது, அதன் முனையில் விரல்கள். சின்னச் சின்ன எலும்புகளாக, பொறுமையாகக் கோத்து வைத்த விரல்கள். நாலு விரல் தேநீர் நிறத்தில் பழசு. சுண்டுவிரல் மட்டும் வெள்ளை. அது நடுவில் வளைந்திருந்தது.

கூடை இழுக்கும் கப்பியில் சிக்கி உடைந்த விரல். கோணலாகவே ஒட்டிக்கொண்ட விரல். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அதற்குக் கட்டுப் போட்டவள் அவள்தான்.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அவனை அவளுக்குத் தெரியும், இதோ, இவ்வளவு பக்கத்தில். “வந்துட்டியா,” என்று அழுதாள். “வந்துட்டியா, என் ராசா.” அறை அந்தக் குரலை வாங்கிச் சுவர் சுவராகக் கொண்டு போனது.

அப்புறம்தான் மற்ற விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரல் ஒரு கிழவனுடையது, கணுக்கள் வீங்கி. மோதிரவிரல் மெல்லியது, பெண்ணுடையது. ஆள்காட்டி விரல் குழந்தையுடையது.

கடல் ஒரு விரலைத்தான் தந்திருக்கிறது. இந்த மேட்டில் கிடப்பவர்கள் அதைப் போய் எடுத்து வந்து, அது போதாது என்று, மீதியைத் தங்களிடமிருந்து போட்டிருக்கிறார்கள். அவள் கேட்டாள் அல்லவா. சட்டையைக் கொடுத்துக் கேட்டாள் அல்லவா.

ஆனாலும் விட்டுவிட்டு வர மனசில்லை. அந்த ஒரு விரல் போதும். அது அவளுடையது. பாதிரியாரின் கல்லுக்கு அடியில் வைக்க, மூட, அழ. கையை நீட்டி, வெள்ளை விரலை மட்டும் மெதுவாகப் பிடித்து இழுத்தாள்.

கை மூடிக்கொண்டது.

முரட்டுத்தனமாக இல்லை. தூங்குகிறவன் கை மூடுவதுபோல. அவள் அலறித் துள்ளியதில் டார்ச் உருண்டது. சுவரைப் பார்த்துக் கிடந்தது.

வெளியே புல்லில் பூட்ஸ் சத்தம்.

“தோரா? ஏ புள்ள, உள்ளயா இருக்கே?” ஹாக்கன். அவ்வளவு தெளிவாக. காதுக்குள் பேசுவதுபோல. “சரி, படுத்துக்கோ. நான் இழுக்கறேன்.”

“இழுக்காதே!” என்று கத்தினாள். “ஹாக்கன், இழுக்காதே!” அறை நிறைந்தது. ஒரு சொல்கூட வழியைத் தாண்டவில்லை.

மாடத்துக்குள் ஏதோ எழுந்தது. கம்பளி அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. பலகை முனகியது. கயிறு விறைத்தது. சக்கரங்கள். மெல்ல. பாரத்தோடு.

அவள் பின்னாலேயே ஊர்ந்து போகப் பார்த்தாள். கணுக்காலில் ஒன்று சில்லென்று பட்டது. முழங்காலில் ஒன்று. இடுப்பில். இழுக்கவில்லை. பிடித்து உட்கார வைத்தன. நெருக்கமான வீட்டில் வந்தவருக்கு நகர்ந்து இடம் கொடுப்பார்களே, அந்த மரியாதையோடு. சுவரோரம் வரிசையாக இருந்தவை உரசி நகர்கிற ஓசை கேட்டது.

“அண்ணன் சட்டையா?” வெளியே ஹாக்கனின் குரல் உடைந்தது. “இத எடுக்கத்தான் போனியா? அடப்பாவமே. இந்தா, மழைக்கோட்டப் போட்டுக்கோ, தலைய மூடு, தூறுது. கடவுளே, என்ன இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டே. கை என்ன இப்படிச் சில்லிட்டிருக்கு. பேசாத. ஒண்ணும் பேச வேணாம். ரூனா சூப் வெச்சிருக்கா.”

கம்பிக் கதவு கல்லில் மோதியது. பூட்டு விழுந்தது.

அப்போதுதான் அவள் தன் கையை உணர்ந்தாள். ஒரு விரல் இன்னும் அதற்குள் இருந்தது. வளைந்த விரல். சட்டையோடு போகவில்லை. அவள் சுண்டுவிரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. எர்லென்ட் இங்கேதான் இருந்தான். போனதில் அவன் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

கதவுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், மிச்சமிருந்த வெளிச்சத்தில், ஹாக்கனின் பூட்ஸ் திரும்பியது. அதன் பக்கத்தில் இரண்டு பாதங்கள், ஈரப் புல்லில், சதையில்லாமல். ஒன்று பெரியது. ஒன்று சின்னக் குழந்தையுடையது.

“மெதுவா வா, அவசரமில்ல,” என்றான் ஹாக்கன். “பசங்க ஜன்னல்லயே நிக்குதுங்க.”

பெரிய பாதம் முன்னால் ஓர் அடி வைத்தது. சின்னது பின்னால் ஓடிச் சேர்ந்துகொண்டது.