தட்டைத் தள்ளும் கை

தட்டின் மேல் எதுவும் இல்லை. ஆனாலும் எதுவோ அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

குமுதா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் கருங்கல் பலகை, அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தட்டு. லென்ஸை அளப்பதற்காக அதை மயிரிழையில் நூறில் ஒரு பங்கு நகர்த்துவதுதான் அவள் வேலை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த அம்மியைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம். நில் என்றால் தட்டு நிற்கும். விரலால் தள்ளினால் மோட்டார் எதிர்த்துத் தள்ளும், தள்ளியது எவ்வளவு என்று திரையில் எண் வரும். யாரும் தொடாதபோது அந்த எண் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இன்று அது ஏறிக்கொண்டிருந்தது.

"குவாரியில வெடி வச்சிருப்பாங்க அக்கா. அதுக்கு ஆடுதுலா," என்றான் யுகேந்திரன், ரொட்டியைக் கடித்தபடி.

"இந்த மழையில குவாரியாவது ஒண்ணாவது. மூடிட்டாங்க தம்பி."

"அப்ப லாரி. தாப்பா லா, பரவால்ல விடுங்க."

வெடியோ லாரியோ என்றால் எண் இங்குமங்கும் ஆடும். இது ஆடவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்தது, கூண்டின் கதவுப் பக்கமாக, அவர்கள் இருவரும் இருந்த பக்கமாக.

சனிக்கிழமை என்பதால் கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஈப்போ நகருக்கு வெளியே சுண்ணாம்பு மலையை மேகம் விழுங்கியிருந்தது, பட்டப்பகலிலேயே சன்னல்கள் கறுத்துவிட்டன, தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்துக்குக் கீழே மோட்டாரின் ரீங்காரம் பல்வலி போல விடாமல் கேட்டது, அதோடு ஏசிக் காற்றில் எங்கிருந்தோ உறைந்த ரப்பர் பாலின், அந்தக் கட்டிப்பாலின் புளித்த வாடையும் வந்தது. இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் ஆலை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்துவிட்டன. இங்கே ரப்பர் வாடை வர நியாயமே இல்லை.

நேற்றைய ஆயுத பூஜை அப்போதுதான் குமுதாவின் நினைவுக்கு வந்தது.

அவள் அப்பா பத்துமலை இதே ஆலையில் ரப்பர் ஷீட்டை நசுக்கும் உருளையில் நின்றவர். அந்த உருளை தின்ற கைகளுக்குக் கணக்கில்லை. அதனால் ஆலைக்காரர்கள் பூஜையன்று மெஷினிடம் அடிபட்டுச் செத்தவர்களை முதலில் வாங்க என்று கூப்பிடுவார்கள். பிறகு எலுமிச்சையை வெட்டி, வாங்கிக்கிட்டுப் போயிட்டு வாங்க என்று அனுப்பிவைப்பார்கள். கூப்பிட்டால் அனுப்பியாக வேண்டும். நேற்று குமுதா பாசத்தில் பாதி, பழக்கத்தில் பாதியாக இந்தப் புது மெஷின் முன்னால் நின்று கூப்பிட்டாள். கத்தியை எடுப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். குங்குமத் தூள் பட்டால் தட்டு ஓடும் தண்டவாளம் கெட்டுவிடும் என்று சத்தம் போட்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

கூப்பிட்டாள். அனுப்பவில்லை.

மோட்டாரின் ரீங்காரம் ஒரு சுருதி ஏறியது. தட்டு வெடவெடவென்று நடுங்கியது.

"தண்டவாளத்துல என்னமோ சிக்கியிருக்கு," என்று யுகேந்திரன் எழுந்து கூண்டுக் கதவைத் திறந்தான்.

கதவைத் திறந்தாலே மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். ஆனால் இந்தப் புண்ணியவான், ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட்டுவதற்குச் சோம்பல்பட்டு, கதவுச் சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டி அதை ஏமாற்றி வைத்திருந்தான். கை உள்ளே போகுமுன் சிவப்புப் பட்டனை அமுக்கு என்று அவளும் தொண்டை வற்றக் கத்தியாயிற்று. பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட அவன் வேற்றாள் இல்லை, தங்கை ஷர்மினியின் புருஷன். பிள்ளை பெற்று ஷர்மினி இன்னும் படுக்கையில் இருக்கிறாள். குமுதாதான் கெஞ்சி அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். இவன் கை போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"தம்பி, கைய எடு!"

"ஒரு நிமிஷம்லா அக்கா."

மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. விரல்கள் தண்டவாளத்தைத் தடவின. ரீங்காரம் கிறீச்சிட்டது. தட்டு பாய்ந்தால் விரல்கள் மிஞ்சாது.

குமுதா ஓடினாள். சிவப்புப் பட்டனை முழு பலத்தோடு அறைந்தாள்.

மோட்டார் அடங்கியது. திரை இருண்டது. மழை மட்டும்.

அப்போது தட்டு நகர்ந்தது.

மின்சாரம் இல்லாமல். சத்தமில்லாமல். கதவை நோக்கி வழுக்கி வந்து, யுகேந்திரனின் விரல்களுக்குச் சற்று முன்னால் தண்டவாள முனையில் முட்டி நின்றது. அவன் சிரித்தேவிட்டான்.

குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நேரமும் மோட்டார் கோளாறு செய்யவில்லை. தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தடுப்பைத் தன் கையாலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா." சிரிப்பு நின்றிருந்தது. "கைய எடுக்க முடியல."

கருங்கல்லின் மேல் அவன் உள்ளங்கை விரிந்து கிடந்தது. மேலே ஒன்றுமே இல்லை. நகங்கள் வெளுத்தன. மடங்கியிருந்த விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்து நேராக்கினார்கள், பக்குவமாக, உருளைக்கு ரப்பர் ஷீட்டைக் கொடுத்துப் பழகிய கையால்.

"அக்கா, வலிக்குது. அக்கா!"

மோட்டார் மறுபடி தடுக்கட்டும் என்று பட்டனைத் திருகினாள். அமுங்கியிருந்த பட்டன் மேலே வந்தது. திரை எரிந்தது, மோட்டார் விழித்தது. தட்டு சமர்த்தாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. அதை இப்போது யாரும் தள்ளவில்லை.

அவன் தோளைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். கால்களைக் கூண்டின் இரும்பில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. மயிரிழை கூட.

"போயிட்டு வாங்க," என்று கதறினாள். "வாங்கிக்கிட்டுப் போயிட்டு வாங்க, ஐயா!"

வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கைக்கடிகாரக் கண்ணாடி விரிசல் விட்டது. அவன் அலறல் பாதியில் அறுந்தது. புளித்த வாடை மூக்கை அடைத்தது.

பிறகு அவன் முழுக்கைச் சட்டையின் கை தட்டையாகத் தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி. நிதானமாக. ஒரே சீராக.